கமிட்டி போட்டு விசாரிப்பது பள்ளியின் வேலை அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

மாணவிக்குப் பாலியல் தொல்லை என்று செய்தி வரும்போதெல்லாம் கூடவே 'பள்ளி நிர்வாகம் விசாரித்து வருகிறது' என்றும் வருகிறது. நிர்வாகத்தை யார் விசாரிக்கச் சொன்னது? பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-ல் வந்தது. குற்றம் நடந்தது தெரிந்தாலும் சரி, நடந்துவிடுமோ என்ற அச்சம் இருந்தாலும் சரி, போலீசுக்குச் சொல்லிவிட வேண்டும் என்கிறது அதன் 19-வது பிரிவு. ஆதாரம் தேடி வை என்று ஆசிரியருக்கோ டாக்டருக்கோ அது சொல்லவே இல்லை.

எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி, எட்டாம் வகுப்பு, நடந்ததை முதலில் வகுப்பாசிரியையிடம் சொன்னாள், அப்புறம் தலைமையாசிரியர் அறையில், அப்புறம் தாளாளர் முன்னால், கடைசியில் தொல்லை கொடுத்த ஆளையே எதிரில் உட்கார வைத்துக்கொண்டு சொல்லச் சொன்னார்கள். "ஒண்ணும் நடக்கல சார்" என்றுவிட்டாள். பெற்றோரிடம் வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு விஷயத்தை முடித்துவிட்டார்கள்.

போலீஸ் என்றால் பிள்ளை பயந்துவிடும் என்கிறார்கள். சட்டப்படி வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அவள் கேட்கும் இடத்திலோதான் வாங்க வேண்டும், கூடுமானவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, அதுவும் யூனிஃபார்ம் போடாமல். இதில் எது அந்தத் தாளாளர் அறையில் இருந்தது?

பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று மறைப்பவர்களுக்கு ஒன்று: தெரிந்தும் சொல்லாதவருக்கு 6 மாதம் வரை சிறை, தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்ததை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. மகாராஷ்டிராவின் ராஜுராவில் பள்ளி விடுதிச் சிறுமிகளுக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் தகவல் தரவில்லை என்ற வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, அந்த ரத்து செல்லாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் தண்டனையைச் சொல்லி மிரட்டுவதோடு ஆசிரியர்களுக்கான பயிற்சிகளை முடித்துவிடுகிறார்கள் என்பது என் ஆதங்கம். நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது என்று அதே 19-வது பிரிவில் இருக்கிறது. இதை எத்தனை ஆசிரியர்களுக்குச் சொல்லியிருக்கிறோம்? வேலைக்குப் புதிதாக வந்த ஒரு டீச்சர், தாளாளரை மீறி போன் செய்யத் துணிவதற்கு அந்த ஒரு வரிதான் வேண்டும்.

பள்ளிக் கல்வித் துறை தெளிவாக ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும்: பிள்ளை சொன்ன அன்றே போலீசுக்குத் தகவல் போக வேண்டும், துறை விசாரணை எல்லாம் அதற்குப் பிறகு, சமரசம் பேசி எழுதி வாங்கினால் வாங்கியவர் மீது நடவடிக்கை. தனியார் பள்ளிகளுக்கும் சேர்த்துத்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
தஞ்சாவூர்