முப்பது வெள்ளியும் மூவாயிரம் வெள்ளியும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே தினமும் சாயங்காலம் மழை. ஊர்ப் பலகையில் புதுப் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று இருந்தாலும் உனக்கும் எனக்கும் இது பத்தாங் பெர்ஜுந்தைதானே!

தோசை மாவு அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தாய். சொல்ல நிறைய இருக்கிறது. தோட்டத்து லயன் வீட்டை, அந்தத் தொழிலாளர் வரிசை வீட்டை, விட்டு வந்த பிறகும் அவர் மாவு ஆட்டுவதை நிறுத்தவில்லை. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஒரு மேசை, மற்ற நாளில் மோட்டாரில் வீடு வீடாகப் போய்க் கொடுப்பது. இத்தனை வருடத்தில் ஒரு காகிதத்தில்கூட அது வியாபாரம் என்று பதிவாகவில்லை.

அதன் வலி 2020-இல்தான் தெரிந்தது. ஊரடங்கில் நம் மலேசிய அரசாங்கம் சிறு வியாபாரிகளுக்கு 3,000 வெள்ளி (ரிங்கிட்) சிறப்பு மானியம் கொடுத்ததே, பதிவு உள்ளவர்களுக்குத்தான் அது. பக்கத்துச் சந்தில் முடிவெட்டும் அண்ணனுக்குக் கிடைத்தது, அக்காவுக்கு இல்லை. அந்த மாதங்களில் அவர் தோட்டைக் கழற்றி அடகு வைத்தது எனக்குத் தெரியும். சொந்தப் பெயரில் பதிவு செய்ய, வியாபாரங்களைப் பதியும் அரசு ஆணையமான எஸ்எஸ்எம்-இல் வருடத்துக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60. இந்த முப்பது இல்லாமல் அந்த மூவாயிரம் போனதே என்று இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

ஆனால் அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். போன மாதம் பதிவுப் பாரம் (படிவம்) நிரப்ப உட்கார்ந்தபோது மாவுக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போடும் முன் கேட்டார்: "தம்பி, வரி கட்டச் சொல்லுவாங்களா? மாசா மாசம் வர்ற உதவிப் பணம் நின்னுடுமா? இத்தனை வருஷம் ஏன் பதியலன்னு பிடிப்பாங்களா?" கடைசிக் கேள்வி வீண் பயமில்லை. 1956-ஆம் ஆண்டு வியாபாரப் பதிவுச் சட்டப்படி தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் அபராதம் 50,000 வெள்ளி வரை போகலாம். இதைக் கேள்விப்பட்டவர் யார் தானாக முன்னே வருவார்? முதல் தடவை வருகிறவரிடம் பழைய கணக்கு கேட்க மாட்டோம் என்று அதிகாரிகள் வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதுதான் பெரிய சலுகை என்பேன்.

அப்புறம், பதிந்தால் கையில் என்ன வரும் என்பதை முதலில் காட்டவேண்டும். சொந்தத் தொழில் செய்பவருக்கு சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி மாதம் 13 வெள்ளி சொச்சத்தில் தொடங்குகிறது, அதிலும் பெரும்பகுதியை அரசாங்கமே கட்டும் சலுகை சில வருடங்களாக உண்டு. இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதியில் ஐ-சாரான் என்று ஒன்று, நாம் போடும் பணத்துக்கு அரசாங்கம் வருடம் 500 வெள்ளி வரை சேர்த்துப் போடுகிறது. சிறு தொழிலுக்குக் கடன் கொடுக்கும் அரசு அமைப்பான தெக்குனில் நம் இந்தியர்களுக்கென்றே ஸ்பூமி கடன் இருக்கிறது. சிறுகடன் அமைப்பான அமானா இக்தியார் 2024-இல் இந்தியப் பெண்களுக்காக 5 கோடி வெள்ளியில் 'பெண்' கடன் திட்டம் கொண்டுவந்தது. பி40 என்ற குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு இலவசப் பதிவும் எஸ்எஸ்எம் கொடுத்திருக்கிறது. இவ்வளவும் இருந்தும் எங்கள் லயன் ஆட்களில் ஒருவருக்கும் தெரியவில்லையே! ஷா ஆலாம் வரை போய் வரிசையில் நின்றால் அக்காவுக்கு ஒரு நாள் மாவு போச்சு. அந்தக் கவுன்டரை மாதம் ஒரு நாள் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுவரட்டும். தமிழில் விளக்க ஓர் ஆள், டைபாய்டு ஊசி, உணவு கையாளும் வகுப்பு எல்லாம் அங்கேயே நடக்கட்டும். எத்தனை பேர் வருவார்கள் என்று பார்.

பதிந்த பிறகு அக்காவிடம் இப்போது ஒரு மினி மார்க்கெட்காரர் தினம் 30 பாக்கெட் மாவு எடுக்கிறார். முன்பு பதிவுப் பத்திரம் இல்லையென்று மறுத்தவர்தான். பாக்கெட்டில் தன் பெயரைப் பார்த்து அக்கா, எழுத்து சின்னதாக இருக்கிறது, பெரிதாகப் போடு என்று மகனை விரட்டினார்.

உன் ஊரில் மரத்தடியில் மோட்டார் பழுது பார்க்கும் உன் தம்பி பதிந்துவிட்டானா? இல்லையென்றால் என்ன பயம் என்று கேட்டு எழுது. தைப்பூசத்துக்கு வரும்போது அவனையும் கூட்டிக்கொண்டு வா, ஐசி (அடையாள அட்டை) மறக்காமல் எடுத்து வரச் சொல். பாரத்தை நானே உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்