ஸ்டேஷன் கணக்கும் ஊர்க் கணக்கும்

அன்பு மாப்ளைக்கு,

உன் கடுதாசி போன வாரமே வந்துருச்சு. கோர்ட்டுல ஒரு சாட்சி விசாரணை வாய்தா மேல வாய்தாவா இழுத்து உயிரை வாங்கினதுல உடனே பதில் எழுத முடியல. முழங்காலுக்குக் கத்தி வைக்க வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாராமே, அது போதும். இங்க எல்லாரும் சௌக்கியம். மகன் ஜெராக்ஸ் கடையில ரெண்டாவது மெஷின் எறக்கிட்டான். வீட்டுல சுகர்தான் அடங்க மாட்டேங்குது. மாம்பழ சீசன் முடிஞ்சாத்தான் அதுக்கு விடிவு.

நீ கேட்ட விஷயத்துக்கு வர்றேன். கோயம்புத்தூரை விட்டுட்டு நாகமலைப் பக்கம் வீடு பார்க்கலாம்னு நீ நெனச்ச நேரமாப் பார்த்து, "மதுரையில குற்றங்கள் கூடிருச்சு"ன்னு ஒரு செய்தியை உன் மக வாட்ஸ்அப்ல அனுப்பி உன்னைக் கலக்கிவிட்டுருச்சு. "வக்கீல் குமாஸ்தாவா கோர்ட்டுலயே கெடக்குறவன் நீ, நிஜமான்னு சொல்லு"ங்கிற. ஒத்த வார்த்தையில பதில் சொல்ல வராது மாப்ள. அந்த நம்பர் எங்க பொறக்குதுன்னு தெரிஞ்சா நீயே முடிவு பண்ணிக்குவ.

அது பொறக்குற எடம் ஸ்டேஷன் ரைட்டர் மேசை.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி எங்க பின்வீட்டு அக்கா பஸ்ஸை விட்டு எறங்கி நடந்து வந்துக்கிட்டிருந்தப்ப, பைக்குல வந்த ரெண்டு பயலுக கையில இருந்த செல்போனைப் பறிச்சுட்டுப் போயிட்டாய்ங்க. நான்தான் துணைக்குப் போனேன். எந்த ஸ்டேஷன்னு எழுத மாட்டேன், அவங்க மொகத்துல நான் தெனமும் முழிக்கணும். ரைட்டர் நல்ல மனுசன். ஒக்காரச் சொல்லி, தண்ணி குடுத்து, மனுவை நிதானமாப் படிச்சாரு. படிச்சுட்டு, "அக்கா, 'பறிச்சுட்டுப் போனாங்க'ன்னு இருக்குல்ல, அதை எடுத்துருங்க. 'பஸ் எறங்கி வரும்போது தவறிப் போச்சு'ன்னு எழுதிக் குடுங்க. சி.எஸ்.ஆர். இப்பவே போட்டுத் தந்துர்றேன். அதைக் காட்டி சாயங்காலமே சிம் வாங்கிக்கலாம்"னாரு. அக்காவுக்கு வேண்டியது சிம்மு. கேஸ் எண்ணு, வாய்தான்னு அலைய அவங்களால ஆகாது. நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள வெள்ளைத்தாள் வாங்கி வேற மனுவே எழுதிட்டாங்க. அச்சடிச்ச ரசீது கைக்கு வந்துச்சு, ரெண்டு பேருக்கும் சந்தோசம்.

கணக்குல என்ன ஆச்சுன்னு பாரு. பறிப்புக்குன்னு பழைய தண்டனைச் சட்டத்துல தனிப் பிரிவு கிடையாது, திருட்டுலயோ வழிப்பறியிலயோ போடுவாய்ங்க. 2024 ஜூலை 1ல வந்த புதுச் சட்டத்துல அதுக்குன்னே 304ஆம் பிரிவு வச்சிருக்காங்க. அந்த 304ல ஏற வேண்டிய ஒரு கேஸ் ஏறல. சி.எஸ்.ஆர்.ங்கிறது மனு வாங்கினதுக்கு ரசீது, அவ்வளவுதான். டெல்லியில தேசியக் குற்ற ஆவணக் கூடம் வருசா வருசம் போடுற குற்றப் புள்ளிவிவரப் புத்தகத்துல எண்ணப்படுறது எஃப்.ஐ.ஆர். ஆன வழக்கு மட்டும். கோயில் உண்டியலை எண்ணினா விழுந்த காசு தெரியும், கும்பிட வந்த கூட்டம் தெரியாது.

ரைட்டரைத் திட்டவும் எனக்கு மனசு வரல. எஃப்.ஐ.ஆர். போட்டா அது தாமதமில்லாம மாஜிஸ்திரேட்டுக்கு வந்தாகணும். யாராவது எடத்துக்குப் போய்ப் பார்வை மகஜர் எழுதணும், மாதிரி வரைபடம் போடணும், சாட்சி வாக்குமூலம் வாங்கணும், சி.சி.டி.என்.எஸ்.ங்கிற போலீஸ் கம்ப்யூட்டர் வலையில ஏத்தணும். பய சிக்கலைன்னா மாசா மாசம் க்ரைம் மீட்டிங்குல இன்ஸ்பெக்டர் எந்திரிச்சு நிக்கணும். பாதிப் பேரு பந்தோபஸ்துக்குப் போயிடுற ஸ்டேஷன்ல ஒரு செல்போனுக்கு இவ்வளவையும் யாரு செய்றது? ஸ்டேஷன்ல எத்தனை கேஸ்னு மேல இருக்குறவங்க கேட்கக் கேட்க, கேஸைக் குறைக்கிற வழியைத்தான் கீழ இருக்குறவங்க கத்துக்குவாங்க.

சட்டம் பேப்பர்ல தெளிவாத்தான் இருக்கு. கைது பண்ணக்கூடிய குற்றம்னு தகவல் வந்தா வழக்குப் பதிஞ்சே ஆகணும்னு 2013 நவம்பர்ல லலிதா குமாரி வழக்குல உச்ச நீதிமன்றத்துல அஞ்சு நீதிபதிங்க சொல்லிட்டாங்க. புது நடைமுறைச் சட்டம் 173ஆம் பிரிவு, எங்க எல்லை இல்லைன்னு திருப்பி அனுப்பவும் கூடாதுங்குது. ஆனா அதே பிரிவுல ஒரு சந்து விட்டுட்டாங்க. 3 வருசத்துக்குக் கொறையாம 7 வருசத்துக்குள்ள தண்டனை வரக்கூடிய குற்றம்னா, டி.எஸ்.பி. அனுமதியோட 14 நாள் முதல்கட்ட விசாரணை நடத்திட்டு அப்புறம் பதியலாமாம். சாதாரணத் திருட்டே அந்த வரம்புக்குள்ள வந்துருது. அந்தச் சந்து நாளைக்கு ரோடாயிரும்னுதான் எனக்குத் தோணுது.

பொம்பளைங்க விஷயம் இதைவிட மோசம். 1992ல நம்ம மாநிலத்துல மகளிர் ஸ்டேஷன் ஆரம்பிச்சது நல்ல காரியம், இல்லேங்கல. ஆனா புருசன் அடிச்சான்னு வர்றவளை "குடும்பத் தகராறு, பேசி முடிச்சுக்கலாம்"னு ஒக்கார வச்சு, ரெண்டு பக்கமும் கையெழுத்து வாங்கி அனுப்புறதுதான் முக்காவாசி நடக்குது. அவளும் பல தடவை அதைத்தான் கேக்குறா. அந்த அடியெல்லாம் எந்தப் புத்தகத்துல ஏறும்?

அப்ப எதைத்தான் நம்புறதுன்னு கேப்ப. எங்க வக்கீல் ஒரு வழி சொல்லுவாரு, எனக்கு அது சரின்னு படுது. மறைக்க முடியாததைப் பாருங்கிறாரு. ஒண்ணு கொலை. பொணம் விழுந்துட்டா ரசீது குடுத்து அனுப்ப முடியாது. அதுலயும் மொதல்ல சந்தேக மரணம்னு பதிஞ்சு, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வந்தப்புறம் பிரிவு மாத்துறது உண்டு. இன்னொண்ணு வண்டி திருட்டு. எஃப்.ஐ.ஆர். இல்லாம இன்ஷூரன்ஸ்காரன் சல்லிக்காசு தர மாட்டான், அதனால வண்டியைப் பறிகொடுத்தவன் எஃப்.ஐ.ஆர். வாங்காம ஸ்டேஷனை விட்டு நகர மாட்டான். இந்த ரெண்டும் ஏறுதா எறங்குதான்னு பார்த்தா ஊர் நிலவரம் ஓரளவு புரியும்.

கஞ்சா, சாராயம், குட்கா கேஸெல்லாம் இதுக்கு நேர் எதிர். யாரும் வந்து புகார் குடுக்குறதில்ல, போலீஸ் தேடிப் போனாத்தான் கேஸே. கஞ்சா கேஸ் கூடினா கஞ்சா கூடிருச்சான்னு சொல்ல முடியாது, ரெய்டு கூடிருக்குன்னு வேணா சொல்லலாம். பேப்பர்ல ரெண்டும் ஒரே தலைப்புலதான் வருது.

இதுக்கு ஒரு பெரிய சாட்சி 2020. கொரோனா வருசம், எல்லாரும் வீட்டுக்குள்ள கெடந்தோம், கொள்ளைக்காரன்கூட மாஸ்க் போட்டுக்கிட்டு வீட்டுல இருந்தான். ஆனா நாட்டுல பதிவான மொத்தக் குற்றம் 2019ல 51,56,158 இருந்தது 2020ல 66,01,285. நூத்துக்கு 28 கூடுதல்! காரணம், வெளிய வந்தவன் மேலெல்லாம் போட்ட ஊரடங்கு கேஸ். அரசு ஊழியர் உத்தரவை மீறினதுக்கான 188ஆம் பிரிவு மட்டும் 29,469லேர்ந்து 6,12,179க்கு எகிறிச்சு. நாட்டுல கூடின மொத்தக் கேஸ்ல நம்ம தமிழ்நாட்டுப் பங்கு ரொம்பப் பெருசு. வேடிக்கை என்னன்னா, 188க்குப் போலீஸ் தானா எஃப்.ஐ.ஆர். போட முடியாதுன்னு நம்ம உலகனேரி ஐகோர்ட் கிளை 2018லயே தீர்ப்பு சொல்லியிருந்துச்சு. 2021 பிப்ரவரியில அரசாங்கமே சுமார் 10 லட்சம் ஊரடங்கு வழக்கைக் கைவிடுறதா அறிவிச்சுச்சு. கேஸ் போச்சு, புத்தகத்துல நம்பர் இன்னும் குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கு. அதைக் காட்டி "குற்றத்துல முன்னணி மாநிலம்"னு எழுதினவங்களும் உண்டு.

மேல போற வழியையும் சொல்லிர்றேன். ஸ்டேஷன் கணக்கு மாவட்டக் குற்ற ஆவணக் கூடத்துக்குப் போகும், அங்கேர்ந்து மெட்ராஸ்ல மாநிலக் கூடத்துக்கு, அப்புறம் டெல்லிக்கு. 1953லேர்ந்து வருசா வருசம் புத்தகம் வருது. வருதுன்னா ஆடி அசைஞ்சு வருது. 2023 கணக்கு வெளிய வந்தது 2025 செப்டம்பர் கடைசியில. அதனால உன் மக அனுப்பினது எந்த வருசத்துக் கணக்குன்னு மொதல்ல பாரு. எண்ணுற முறையும் ஒண்ணு இருக்கு. ஒரே எஃப்.ஐ.ஆர்.ல நாலு குற்றம் இருந்தா அதுல பெருசு எதுவோ அது ஒண்ணைத்தான் எண்ணுவாங்க. வீட்டை ஒடைச்சு, கெழவியைக் கொன்னு, நகையை எடுத்துட்டுப் போனா அது கொலைக் கணக்குல ஒண்ணு. வீடு ஒடைச்சது தனியா ஏறாது.

நம்ம ஊரு ஏமாந்த கதை ஒண்ணு. 10 லட்சம் ஜனத்தொகைக்கு மேல உள்ள 53 நகரத்தைத் தனியா போட்டுக்கிட்டு இருந்தாங்க, மதுரையும் அதுல இருந்துச்சு. 2016 புத்தகத்துலேர்ந்து 20 லட்சத்துக்கு மேல உள்ள 19 நகரம் மட்டும்னு ஆக்கிட்டாங்க. உங்க ஊர் உள்ள இருக்கு, நம்ம ஊர் அவுட். அதனால "கோவையைவிட மதுரை எப்படி"ன்னு யாராவது அந்தப் பட்டியலை வச்சுச் சொன்னா, காதுல பூ சுத்துறான்னு அர்த்தம். இருக்குற ஊருக்கும் விகிதத்தை லட்சம் பேருக்கு இத்தனைன்னுதான் போடுறாங்க, அந்த லட்சத்துக்கு அடிப்படை 2011 சென்சஸ். அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கு வெளியூர்க்காரன் எத்தனை லட்சம் பேரு இங்க நிக்கிறான்! அந்த நெரிசல்ல அறுந்த செயினெல்லாம் மதுரைக் கணக்கு. வகுக்கிறப்ப மட்டும் உள்ளூர் ஆளை வச்சு வகுக்கணும்.

சினிமாவுல மதுரைன்னாலே அருவா. போகட்டும். ஆனா இந்தக் கணக்கு விஷயத்துல எனக்கு ஒரு பழைய கசப்பு உண்டு. உசிலம்பட்டிப் பக்கம் பெருசுங்க ரேகைச் சட்டம்னு சொல்லுவாங்களே, குற்றப் பரம்பரைச் சட்டம். ஒரு கூட்டத்தையே பேர் எழுதி, கைரேகை எடுத்து ரிஜிஸ்டர்ல ஏத்தினாங்க. 1920 ஏப்ரல் 3ல பெருங்காமநல்லூர்ல ரேகை வைக்க மாட்டோம்னு நின்னவங்க மேல சுட்டாங்க. மாயக்காள்ங்கிற பொம்பளையோட சேர்த்து 16 பேர் செத்தாங்க. 1947லதான் மெட்ராஸ் மாகாணத்துல அந்தச் சட்டத்தை எடுத்தாங்க. அதனாலதான் எவனாவது "அந்த ஏரியா குற்றம் ஜாஸ்தி"ன்னு சுலபமாச் சொல்றப்ப எனக்குச் சுருக்குன்னு ஏறுது.

உன் விஷயத்துக்கு இதெல்லாம் எப்படிப் பொருந்தும்னா, நாகமலைப் புதுக்கோட்டை ஸ்டேஷன் மாநகரக் கமிஷனர் கையில இல்ல, மாவட்ட எஸ்.பி. கையில. மதுரை மாநகரக் கணக்கு கூடினாலும் கொறைஞ்சாலும் நீ வாங்கப் போற தெருவுக்கு அதுல சேதி இல்ல. எஃப்.ஐ.ஆர்.ஐ 24 மணி நேரத்துல வெப்சைட்ல போடணும்னு 2016ல உச்ச நீதிமன்றம் சொன்னதுலேர்ந்து, விவகாரமான சிலதைத் தவிர மத்ததையெல்லாம் வீட்டுல ஒக்காந்தே படிக்கலாம். உன் மககிட்டச் சொல்லி அந்த ஸ்டேஷன்ல இந்த வருசம் என்னென்ன பதிவாயிருக்குன்னு படிச்சுப் பார்க்கச் சொல்லு. பைக் போயிருக்கா, பூட்டின வீடு ஒடைஞ்சிருக்கா, ராத்திரியா பகலா, எல்லாம் அதுல இருக்கும்.

பூட்டை ஒடைக்கிறவனைவிட, நம்ம வயசுக்காரங்களுக்குப் போன்ல வர்றவன்தான் இப்ப ஆபத்து. "சி.பி.ஐ.லேர்ந்து பேசுறோம், டிஜிட்டல் அரெஸ்ட்"னு மெரட்டிப் பணத்தைக் கறக்குறான். அவனுக்கு நாகமலையும் ஒண்ணுதான், ஆர்.எஸ்.புரமும் ஒண்ணுதான். பணம் போனா அடுத்த நிமிசமே 1930க்கு அடிக்கணும், தங்கச்சிகிட்டயும் சொல்லி வை. அதோட எஃப்.ஐ.ஆர்.னு தனியாக் கேட்டு வாங்கணும். ஸ்டேஷன்ல போட மாட்டேன்னா அதே 173ல நாலாவது உட்பிரிவுப்படி எஸ்.பி.க்கு எழுத்துல அனுப்பு, அப்பவும் அசையலைன்னா மாஜிஸ்திரேட்கிட்டப் போகலாம். அந்த மனுவை எழுத நான் இருக்கேன்.

வீட்டைப் பத்தி ஒரு புரோக்கர்கிட்டப் பேசிருக்கேன். யுனிவர்சிட்டி போற ரோட்டுல, கிழக்கு பார்த்த வாசல், மாடி ஏற வேண்டியதில்ல, உன் முழங்காலுக்குத் தோது. வெலை கொஞ்சம் கூடச் சொல்றான், பேசிக் கொறைக்கலாம். போர் தண்ணி உப்பா இல்லையான்னு அடுத்த வாரம் போய்க் குடிச்சுப் பார்த்துட்டு எழுதுறேன். அதுக்குள்ள அட்வான்ஸ் கிட்வான்ஸ்னு எவனுக்கும் ஜி.பே பண்ணிராத. தாய்ப்பத்திரத்தையும் 30 வருச வில்லங்கத்தையும் நான் பார்க்கணும்.

இப்படிக்கு,
உன் மாப்ள