சான்றிதழுக்கு மட்டும் மாட்டும் கன்வர்ட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இருபது வருஷத்துக்கு மேல் கார் மெக்கானிக்காக இருக்கிறேன். வேகமான வண்டி என்றால் எனக்கு உயிர், அதனால் கார் பிடிக்காதவர் எழுதும் புகாராக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் பலர் எக்ஸாஸ்டில், அதாவது புகை போகும் குழாயில், நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வெறும் பைப்பை வைத்து ஓட்டுகிறார்கள். புகைப் பரிசோதனை வருகிறது என்றால் முந்தின நாள் பழைய கன்வர்ட்டரை மாட்டி, சான்றிதழ் கைக்கு வந்ததும் மறுபடி கழற்றிவிடுகிறார்கள். முன்பு நானே இதைச் செய்து கொடுத்திருக்கிறேன். இப்போது செய்வதில்லை.

காரணம் ஒரு காலை வேளை. கன்வர்ட்டர் எடுத்த கார் ஒன்றை, ஐடில் (நிற்கும்போது இன்ஜின் ஓடும் ஓட்டம்) சரியில்லை என்று கொண்டுவந்திருந்தார்கள். வெளியே மழை, ஷட்டரைப் பாதிதான் தூக்கி வைத்திருந்தேன், அது என் தவறு. அரை மணி நேரம் இன்ஜின் ஓடியிருக்கும். கண் எரிந்தது, பச்சை பெட்ரோல் வாடை தொண்டையில் நின்றது. என்னிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த பையன் வண்டிக்குப் பின்பக்கம் உட்கார்ந்திருந்தான். தலை வலிக்குதுண்ணே என்று எழுந்தவன் வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தான். எங்கள் மூக்கில் ஏறிய வாடை எரியாத பெட்ரோலுடையது. அவனைச் சாய்த்தது கார்பன் மோனாக்சைடாகத்தான் இருக்க வேண்டும், அதற்கு வாடையே கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டுவதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் வாயு அது. பையன் அன்று சாயங்காலமே தேறிவிட்டான். எனக்குத்தான் அதன் பிறகு அந்த வேலையைத் தொட மனசு வரவில்லை.

கன்வர்ட்டர் என்ன செய்கிறது என்பது கழற்றச் சொல்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி, ஒரு சதுர அங்குலத்தில் பெரும்பாலும் 400 துளையோ அதற்கு மேலோ இருக்கும், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் சல்லடை வழியாகப் பார்க்கிற மாதிரி மறுபக்கம் தெரியும். துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. சுமார் 250, 300 டிகிரி சூடு ஏறியதும் வேலையை ஆரம்பிக்கும். அப்புறம் கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள் மூன்றிலும் பத்துக்கு ஒன்பது பங்குக்கு மேல் மாற்றிவிடும். அசையும் பாகம் ஒன்றுகூட அதில் இல்லை.

பிக்கப் கூடும் என்கிறார்களே, அது பொய்யா? முழுப் பொய் இல்லை. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ உள்ள வண்டியில், டர்போவிலிருந்து புகை இறங்கும் டவுன்பைப்பை மாற்றி, இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றும் ரீமேப்பும் செய்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். டர்போ இல்லாத வண்டியில் பெரும்பாலும் சத்தம்தான் கூடுகிறது, சத்தம் கூடினால் வேகம் கூடியதாக மனசு நம்பிவிடுகிறது. கன்வர்ட்டர் இன்ஜினின் கழுத்தை நெரிக்கும் என்ற பேச்சே பழைய காலத்துச் சரக்கு. 1975-ல் அமெரிக்கக் கார்களில் பரவலாக வந்தபோது சிலவற்றில் தேன்கூட்டுக்குப் பதிலாகப் பூச்சுப் பூசிய சின்ன உருண்டைகளைப் போட்டு நிரப்பியிருந்தார்கள், புகை போக வழி குறைவு. அதெல்லாம் எப்போதோ மாறிவிட்டது. 2005-ல் வந்த புகாட்டி வேரான் 1001 குதிரைத்திறன் கொண்ட கார், அது கன்வர்ட்டரோடுதான் வந்தது.

இன்னொரு கூட்டம், அடைத்துவிட்டது, வண்டி இழுக்கவில்லை, எடுத்துப் போடுங்கள் என்று வருவார்கள். கன்வர்ட்டர் சும்மா அடைக்காது. இன்ஜின் மிஸ்ஃபயர் ஆகிறது, அதாவது உள்ளே பெட்ரோல் சரியாகப் பற்றுவதில்லை, எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிகிறது, பீங்கான் உருகுகிறது. அப்படி ஒன்றை வெட்டிப் பார்த்திருக்கிறேன், ஒரு பக்கம் துளையெல்லாம் ஒழுங்காக இருக்க, மறுபக்கம் மெழுகு வழிந்து உறைந்த மாதிரி மூடிக்கிடந்தது. அந்த வண்டியில் கெட்டுப்போனது, பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்கு மின்சாரம் தரும் ஒரு இக்னிஷன் காயில். அதை மாற்றாமல் கன்வர்ட்டரை மட்டும் தூக்கிப் போட்டால் நோய் உள்ளேயே இருக்கும், நாம் பார்க்க வழிதான் போய்விடும்.

சரி, பரிசோதனையில் இது எப்படித் தப்புகிறது? பல இடங்களில் வண்டியை நிறுத்தி வைத்து, பின்னால் குழாயைச் செருகி, கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் மட்டும் அளக்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடு நிற்கிற வண்டியில் சரியாகத் தெரியாது, இன்ஜின் பாரம் இழுக்கும்போதுதான் அது கிளம்பும். வண்டிக்குள்ளேயே ஒரு காவல்காரன் இருக்கிறான், அதையாவது கேட்கலாம். அமெரிக்காவில் 1996 முதலும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமான ஓபிடி அமைப்பில் (வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் ஏற்பாடு), கன்வர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன்னால் உள்ளதன் அளவு ஏறி இறங்கும், பின்னால் உள்ளதன் அளவு பெரிதாக அசையாமல் நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் கன்வர்ட்டர் வேலை செய்யவில்லை என்று கணக்கு, செக் இன்ஜின் விளக்கு எரியும், ஸ்கேனரில் அதற்கான கோளாறு எண் பி0420 என்று வரும். அந்த விளக்கையே எரியாமல் செய்து தர ஆள் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும், எப்படி என்று எழுத மாட்டேன்.

2015-ல் ஃபோக்ஸ்வாகன் மாட்டிக்கொண்டபோது எங்கள் தொழிலில் திட்டாத ஆள் கிடையாது. சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும் ஒழுங்காக ஓடி, ரோட்டுக்கு வந்ததும் புகையை அவிழ்த்துவிடும் மென்பொருள், உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் வண்டிகளில். பரிசோதனைக்கு முந்தின நாள் கன்வர்ட்டரை மாட்டி மறுநாள் கழற்றுகிறவர் செய்வதும் அதேதான், மென்பொருளுக்குப் பதில் ஸ்பேனர். திட்டியவர்களில் சிலரே என்னிடம் வந்து இதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

டிரெய்லரில் ஏற்றி ரேஸ் டிராக்குக்குப் போய் டிரெய்லரிலேயே திரும்பும் வண்டியைப் பற்றி நான் பேசவில்லை. ரோட்டில் ஓடும் வண்டிக்கு வழி இருக்கிறது. துளை குறைந்த, புகை சுலபமாகப் போகிற ஸ்போர்ட்ஸ் கன்வர்ட்டர் என்றே விற்கிறார்கள், சதுர அங்குலத்துக்கு 200 துளை. அந்த வண்டிக்கென்று அங்கீகாரம் பெற்றதாகப் பார்த்து வாங்க வேண்டும், விலை கூடத்தான். காருக்கு அவ்வளவு செலவு செய்கிறவர்கள் இதற்கு மட்டும் கணக்குப் பார்க்கக் கூடாது.

பரிசோதனை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய கருவி எதுவும் இல்லை. குழாயைச் செருகுவதற்கு முன்னால் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள். கன்வர்ட்டரைச் சுற்றியுள்ள போல்ட் மட்டும் புதுசாக மின்னினால், கிளாம்ப் மட்டும் அழுக்கில்லாமல் இருந்தால், அது நேற்று மாட்டியது. அந்த வண்டியை ஒரு மாதம் கழித்துச் சொல்லாமல் கூப்பிட்டுப் பாருங்கள். ஓட்டுகிறவரை மட்டும் பிடிக்காமல், கழற்றிக் கொடுத்த பட்டறையையும் கேளுங்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முன்பு நான் கழற்றிய மூன்று கார்களின் கன்வர்ட்டர்கள் பட்டறை அலமாரியிலேயே இருந்தன. மூன்று பேருக்கும் போன் செய்து, கூலி வேண்டாம், வந்து மாட்டிக்கொண்டு போங்கள் என்று சொன்னேன். இரண்டு பேர் வந்துவிட்டார்கள். மூன்றாவது இன்னும் அலமாரியில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு கார் மெக்கானிக்