பின்பக்க ஷாக் வாங்கும் முன் எடையைச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுந்தூர பைக் பயணம் பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த குறிப்பில், பின்பக்க ஷாக் அப்சார்பரை ‘நல்ல பிராண்டாகப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். அந்த ஒரு வரியை நம்பிப் பல்லாயிரம் ரூபாய் செலவழித்துவிட்டு, ‘பழசே தேவலாம்’ என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர். எந்த பிராண்டாக இருந்தாலும் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் உங்கள் சுமைக்குப் பொருந்தாவிட்டால் பணம் வீண். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பலரும் மலைப் பயணத்துக்கு எடுத்துப் போகும் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-ஐயே பார்ப்போம். பின்னால் இரட்டை ஷாக். சக்கரம் மேலும் கீழும் போய்வர இருக்கும் இடம் 88 மி.மீ. அதே நிறுவனத்தின் ஹிமாலயன் 450-இல் இது 200 மி.மீ. ஆக, இன்டர்செப்டரில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்குதான். ஓட்டுபவர் மட்டும் உட்கார்ந்தால் 25 மி.மீ. இறங்கும்படி வைத்திருக்கிறோம், பக்கத்துக்கு 20 நியூட்டன்/மி.மீ. ஸ்பிரிங் (ஒரு மி.மீ. அமுங்க 20 நியூட்டன் விசை வேண்டும்) என்று கொள்வோம். இரண்டும் சேர்ந்து 40. பின்னால் ஒருவர் ஏறி, பையும் கட்டி, 80 கிலோ கூடினால் கிட்டத்தட்ட அத்தனையும் பின்சக்கரத்தின் மேல்தான் விழும். அது சுமார் 785 நியூட்டன். ஸ்பிரிங் இன்னும் 20 மி.மீ. அமுங்கும். ஷாக் சாய்ந்து நிற்பதால் சக்கரத்தின் கணக்கில் ஓரிரு மில்லிமீட்டர் சேரும். வண்டி கிளம்பும் முன்பே 88-இல் பாதிக்கு மேல் காலி.

மிச்சமிருக்கும் நாற்பது சொச்சத்தை வைத்துக்கொண்டுதான் நம் ஊர் வேகத்தடைகளைத் தாண்ட வேண்டும். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம். அந்த அகலம் இருந்தால் சக்கரம் மெல்ல ஏறி இறங்கும். தெருக்களில் அவரவர் போட்டு வைத்திருப்பதில் உயரம் இருக்கிறது, அகலம் இல்லை. ‘டொம்’ என்று அடி வாங்குவது அங்கேதான்.

அடி வாங்கியதும் எல்லோரும் செய்வது, பிரீலோட் காலரை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே நெருக்கி வைக்கும் வளையத்தை, கடைசிப் படிக்கு ஏற்றுவது. சீரான சுருளுள்ள ஸ்பிரிங்கை இது கடினமாக்காது. அமுங்கி நிற்கும் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும், அவ்வளவே. மேலே சொன்ன 20 மி.மீ.-ஐ ஈடுகட்ட ஸ்பிரிங்கை ஏறக்குறைய அதே அளவு முன்கூட்டியே நெருக்க வேண்டும்; படிப்படியான காலரில் அவ்வளவு இடம் இருப்பது அரிது. எனவே எந்தச் சுமையோடு அதிகம் ஓடுவீர்களோ அதற்குத்தான் ஸ்பிரிங் தேர்வு. பாதி நாள் தனியாக, பாதி நாள் இருவராகப் போகிறவர்கள், கையால் திருகும் ஹைட்ராலிக் பிரீலோட் உள்ள ஷாக்குக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் நியாயம் உண்டு. போகப்போக இறுகும் புரோகிரசிவ் ஸ்பிரிங்கும் ஒரு சமாளிப்புதான். ஆனால் ஆயில் தடுப்பு (ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் ஷாக்கின் உள்ளே ஆயில் அடக்குவது) அதன் ஒரு பகுதிக்கே சரியாகப் பொருந்தும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஸ்பிரிங் சரியா என்பதை அளவு டேப்பை வைத்துத்தான் சொல்ல முடியும், கையால் அமுக்கிப் பார்த்துச் சொல்ல முடியாது. முதலில் டயரில் காற்று சரியாக இருக்கட்டும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கும்போது, அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழே ஒரு புள்ளியை ஒட்டும் டேப்பால் குறித்து அளக்க வேண்டும். இது முதல் அளவு. ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஆள் ஏறாமல், ஒருவர் வண்டியை நிமிர்த்திப் பிடிக்க, அதே இடத்தில் இரண்டாவது அளவு. பிறகு ஹெல்மெட், ஜாக்கெட், பை, பின்னால் உட்காருபவர் என்று பயணம் போகிற கோலத்திலேயே ஏறி உட்கார்ந்து மூன்றாவது. சீல், புஷ் (போல்ட் நுழையும் வளையம்) இவற்றின் உராய்வால் வண்டி ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். அதனால் பின்பக்கத்தை ஒருமுறை அமுக்கி மெல்ல விட்டு அளந்து, இன்னொரு முறை தூக்கி மெல்ல விட்டு அளந்து, இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருக்கட்டும். இன்டர்செப்டருக்கு 26 முதல் 29 மி.மீ. நல்ல அளவு. பிரீலோடைத் திருகி இதைக் கொண்டுவந்த பிறகு, ஆளில்லாமல் வண்டி தானாக எவ்வளவு இறங்குகிறது என்று மறுபடியும் பாருங்கள். 5 முதல் 10 மி.மீ. என்றால் ஸ்பிரிங் பொருத்தம். சுத்தமாக இறங்கவே இல்லையா? ஸ்பிரிங் மென்மை, பிரீலோடால் முட்டுக்கொடுத்து நிற்கிறது. பள்ளத்தில் சக்கரம் கீழே போக இடமில்லாமல் பின்பக்கம் துள்ளும். 15 மி.மீ.-க்கு மேல் இறங்கினால் ஸ்பிரிங் கடினம். தனியாகப் போகும்போது முதுகெலும்பு பதில் சொல்லும். இரண்டிலும் மாற்ற வேண்டியது ஸ்பிரிங்கையே. எவ்வளவு திருகினாலும் தீராது.

நீளத்திலும் கவனம் வேண்டும். மேல் போல்ட்டின் நடுவிலிருந்து கீழ் போல்ட்டின் நடு வரை அளந்து, பழையதன் நீளத்திலேயே வாங்குவது நல்லது. நீளம் கூடினால் பின்பக்கம் உயர்ந்து சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகம் சாயும், ஸ்விங் ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) செயின் உரசலாம், ஹேண்டில் அளவுக்கு மீறி இலேசாகும். குறைந்தால் சைடு ஸ்டாண்டில் செங்குத்தாக நின்று எதிர்ப்பக்கம் சரியும், முழுதாக அமுங்கும்போது டயர் மட்கார்டைத் தொடும். புஷ்ஷின் உள்விட்டம், அகலம், வாஷர்களின் வரிசை மூன்றையும் கழற்றும்போதே படமெடுத்துக்கொள்ளுங்கள். தனி ரிசர்வாயர் (ஆயிலும் வாயுவும் இருக்கும் குப்பி) உள்ள ஷாக் என்றால் சைலன்சர், செயின் கவர், பிரேக் ஹோஸ், பை மாட்டும் கம்பி என எதிலும் இடிக்காமல் நிற்கிறதா என்று வண்டியை அமுக்கிப் பார்க்க வேண்டும்.

அதே நீளமென்றால் ஒருபக்கம் கழற்றி மாட்டிவிட்டு மறுபக்கம் போவது எளிது. ஸ்விங் ஆர்ம் தொங்காது. ரப்பர் புஷ் உள்ள ஷாக்கில் போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது, சக்கரம் தரையில் நின்று வண்டி தன் எடையில் அமுங்கிய பிறகே. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறது. இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்க வேண்டும். உயரம் மாறியிருந்தால் செயின் தளர்வையும் மறுபடி பார்க்க வேண்டும். முன் பல்சக்கரம், ஸ்விங் ஆர்ம் அச்சு, பின் அச்சு மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போது செயின் மிக இறுக்கமாக இருக்கும். அப்போதும் அதில் கொஞ்சம் தளர்வு வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகே ரீபவுண்ட் (அமுங்கிய ஷாக் திரும்பி வரும் வேகத்தை அடக்குவது), கம்ப்ரெஷன் (அமுங்கும் வேகத்தை அடக்குவது) திருகுகளில் கை வைக்க வேண்டும். திருகை வலப்பக்கம் மெல்ல முழுதும் மூடி (முறுக்கக் கூடாது, உள்ளே ஆயில் வழியை மூடும் ஊசி கெட்டுவிடும்), அங்கிருந்து கிளிக் எண்ணிக்கொண்டே தயாரிப்பாளர் சொன்ன எண்ணுக்குத் திறங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண். அமுக்கிவிட்டால் பின்பக்கம் ஒரே மூச்சில் மேலே வந்து நிற்க வேண்டும். மேலே வந்து மறுபடி ஆடினால் ரீபவுண்ட் போதவில்லை. நேர்மாறாக, அளவுக்கு மீறி மூடிவிட்டால் அடுக்கடுக்கான மேடுபள்ளத்தில் ஷாக் திரும்பி வர நேரமில்லாமல் ஒவ்வோர் அடிக்கும் தாழ்ந்துகொண்டே போகும்; ஓட்டுபவருக்கு ‘கல்லு மாதிரி இருக்கு’ என்று தோன்றும். இதைக் கம்ப்ரெஷன் குறை என்று நினைத்துத் தவறான திருகைத் திருப்புவது அடிக்கடி நடக்கிறது. ஒரே சாலைத் துண்டில், ஒரே வேகத்தில், ஒரு நேரத்தில் ஒரு திருகு, அதுவும் ஓரிரு கிளிக் மட்டும் மாற்றுங்கள். ஷாக்கின் தண்டில் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இருந்தால் எதுவரை அமுங்கியது என்பதை அதுவே காட்டும்.

விலை மலிந்த சில ஷாக்குகளில் பக்கவாட்டில் நிற்கும் குப்பி வெறும் அலங்காரம், உள்ளே ஆயிலும் இல்லை, வாயுவும் இல்லை. தொடர்ந்து மோசமான சாலையில் போனால் உள்ளிருக்கும் ஆயில் காற்றோடு கலந்து நுரைத்து, தடுப்பு குறைந்துவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முழுச் சுமையோடு இறங்கும்போது அந்த நிலை வந்தால் ஆபத்து. நைட்ரஜன் நிரப்பிய நல்ல ஷாக்கை, வாயுவை வெளியேற்றவும் திரும்ப நிரப்பவும் கருவி இல்லாத பட்டறையில் திறக்கவே கூடாது.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஷாக் கேட்டு வருகிறவரிடம் வண்டியின் பெயரோடு, உங்கள் எடை என்ன, பின்னால் யார் வருவார்கள், எத்தனை கிலோ பை கட்டுவீர்கள் என்று கேளுங்கள். பில்லில் மாடலோடு ஸ்பிரிங் எண்ணையும் நியூட்டன்/மி.மீ. கணக்கில் எழுதிக்கொடுங்கள். அந்த எண்ணைச் சொல்லத் தெரியாத கடையில் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்க வேண்டாம் என்பதை உங்கள் வாகனப் பக்கத்திலும் வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன மெக்கானிக்,
ஈரோடு