டீச்சருக்கு ஒரு பட்டம்

கும்பகோணம்,
மார்கழி

அன்புள்ள சிநேகிதிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அகமதாபாத்தில் குளிர் எப்படி? பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான் என்று உன் தங்கை சொன்னாள், கேட்கவே சந்தோஷமாக இருந்தது. கார்த்திகை மழை ஒருவழியாக விட்டுவிட்டது. பாபநாசம் பக்கம் சம்பா பால் பிடித்து நிற்கிறது. அவருக்கு முழங்கால் வலி அப்படியேதான், ஆனாலும் காலையில் மகாமகக் குளத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடுகிறார். 2028 மகாமகத்துக்கு நீங்கள் குடும்பத்தோடு நம் வீட்டில்தான் தங்க வேண்டும், இப்போதே சொல்லிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் கைவேலை டீச்சருக்கு இந்தத் தையில் எண்பது முடிகிறது. மயிலாடுதுறையில் மகன் வீட்டில் இருக்கிறார். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கண் அழுத்த நோயால் ஓரப் பார்வை போய்விட்டது, நேரே பிடித்தால் பெரிய எழுத்து மட்டும் தெரிகிறது. போனில் வருகிற வாழ்த்துகளை மருமகள் படித்துக் காட்டுகிறாள். "யார் அனுப்பினது?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்கிறார். பெயரைச் சொன்னாலும் முகம் மலரவில்லை. எல்லாமே ஒரே வாசகம், யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். பிறகு எப்படி மலரும்?

ஆனால் விரல்கள் அதே விரல்கள்தான். என்னோடு பேசிக்கொண்டே மேஜையில் கிடந்த மருந்துக்கடைச் சீட்டை எடுத்தார், ஓரத்தைத் தடவிப் பார்த்துச் சதுரமாகக் கிழித்தார், மூலைக்கு மூலை மடித்தார், பிரித்தார், இரண்டு ஓரங்களையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து நகத்தால் அழுத்தினார். பட்டம்! ஆறாம் வகுப்பில் நமக்குச் சொல்லிக்கொடுத்த முதல் மடிப்பு. ஓரம் ஒரு இழைகூட விலகவில்லை.

அங்கேயே முடிவு செய்துவிட்டேன். நம் வகுப்புப் பெண்கள் ஆளுக்கு ஒரு பட்ட வாழ்த்து அட்டை செய்து பொங்கலுக்கு டீச்சருக்கு அனுப்புகிறோம். கையால் தடவிப் பார்க்கவும், நடுவில் சேரும் இரண்டு மடிப்புகளையும் கதவு மாதிரி திறக்கவும் முடிகிற அட்டை. மாதிரிக்கு ஒன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பிரித்துப் பார், மடிப்பு தானே புரியும். புரியாத சங்கதி ஒன்று இருக்கிறது, அதைத்தான் சொல்லியாக வேண்டும்.

ஒரு பக்கம் நிறமும் மறுபக்கம் வெள்ளையுமான கெட்டித் தாள் வாங்கு. ஓரத்துக்கு நேராக அளந்து சதுரம் வெட்டினால் ஒரு கதவு அழகாகப் படியும், இன்னொன்று மடிப்பில் வெடித்து நிறம் உதிரும். கை சரியில்லை என்று தோன்றும். கையில் குற்றமில்லை. பெரிய கடைத் தெருவில் ஒரு பைண்டிங்காரர் விளக்கிச் சொன்னார்: தாள் ஆலையில் இயந்திரம் ஓடுகிற திசையிலேயே கூழின் நார்கள் படுத்துக்கொள்கின்றன. நாரோடு மடித்தால் இணங்கும், நாருக்குக் குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும். பட்டத்தின் இரண்டு கதவுகளும் வெவ்வேறு சாய்வில் மடிவதால் ஒன்றுக்கு நார் துணை, மற்றதற்கு எதிரி. அதனால் தாளை முதலில் இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார். எந்தப் பக்கம் சுலபமாகச் சுருள்கிறதோ அந்தச் சுருளின் நீளவாக்கில்தான் நார் ஓடுகிறது. சதுரத்தைத் திருப்பி, அதன் நடுக்கோடாகும் மூலைவிட்டம் அந்த நாரோடு போகிற மாதிரி வெட்டு. தாள் கொஞ்சம் வீணாகும், போகட்டும். இரண்டு கதவும் ஒரே மாதிரி படியும். டீச்சர் விரலை ஓட்டினால் கண்டுபிடித்துவிடுவார் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

சதுரம் 14 செ.மீ. போதும். மடித்தால் நீளம் 20 செ.மீ.க்குக் கொஞ்சம் குறையும், அகலம் பதினொன்றரை வரும், அதைவிடக் கொஞ்சம் பெரிய கவராகப் பார்த்து வாங்கு. மடிக்கும் முன் தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்துக் கோடு அழுத்திக்கொள். வெள்ளைப் பக்கம் மேலே இருக்கட்டும். மடித்தபின் கதவுகள் நிறமாகவும் தலைப் பக்கத்து முக்கோணம் வெள்ளையாகவும் நிற்கும். அந்த முக்கோணத்தில் உன் பெயரை மட்டும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுது.

நாம் சின்ன வயதில் செய்த மாதிரி முதுகில் ஈர்க்குச்சி ஒட்டலாமா என்று கேட்பாய். வேண்டாம், தபாலில் ஒடிந்து கவரைக் கிழித்துவிடும். சோற்றுப் பருக்கையும் வேண்டாம். பருக்கை நியூஸ்பேப்பர் பட்டத்துக்குச் சரி, கெட்டித் தாளை ஈரம் நெளியவிடும், அதுவும் இந்த மார்கழிப் பனியில் காயவே காயாது. ஒட்டும் வேலையே இதில் கிடையாது. கூர்முனையில் தாள் இரட்டையாக இருப்பதால் அங்கே ஓட்டை போட்டால் சுலபத்தில் கிழியாது. வாலை அதில் கட்டிவிடு.

வால்தான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். பூக்கட்டும் வாழை நாரை நனைத்து, மெல்லிசாகக் கிழித்து, அதில் மூன்று முடிச்சு வைத்திருக்கிறேன். ஒன்றில் கிரேப் தாள், ஒன்றில் திருபுவனம் பட்டுத் துண்டு, ஒன்றில் பழைய வேட்டிக் கிழிசல். மூன்றும் விரலுக்கு வேறு வேறாகத் தெரியும். உங்கள் ஊர்ப் பட்டத்துக்கு வால் கிடையாது, தெரியும். மற்ற பட்டங்களின் நூலை அறுக்கிற பட்டம் சட்டென்று திரும்ப வேண்டும், வால் இருந்தால் இழுத்துப் பிடிக்கும். நம் பிள்ளைகள் பட்டம் சுற்றாமல் நின்றால் போதும், அதற்கு வால் வேண்டும். உங்கள் பட்டத் திருவிழாவான உத்தராயணத்துக்கு முன்னால் கடைகளில் மெல்லிய பட்டத் தாள் கிடைக்குமே, உன் முடிச்சு ஒன்றை அதில் செய். தொட்டால் சரசரக்கும், அகமதாபாத்திலிருந்து வந்தது என்று டீச்சருக்குத் தெரியட்டும்.

உள்ளே என்ன எழுதுவது? "இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்" என்பதை ஒரு வரியோடு நிறுத்திவிடு. டீச்சர் உனக்குச் செய்த ஏதாவது ஒன்றை எழுது. இடது கதவில் அது, வலது கதவில் இன்றைக்கு நீ என்ன செய்கிறாய் என்பது. நடுவில் இடம் விடு, மருமகள் படித்துக் காட்டும்போது டீச்சர் ஏதாவது சொன்னால் அங்கே குறித்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். நான் எழுதியது, என் ஊசி உடைந்த அன்று அவர் தன் சேலை முந்தானையில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் கொடுத்தது. நீ எதை எழுதப் போகிறாய் என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் சொல்ல மாட்டேன்.

மயிலாடுதுறை முகவரியை போனில் அனுப்புகிறேன். அட்டையும் கவரும் சேர்ந்து 20 கிராமைத் தாண்டாது, ஐந்து ரூபாய்த் தலை போதும். கவரின் மேல் பெறுநர் பெயரைப் பெரிய எழுத்தில் எழுது, அதையும் அவரே படிக்கப் பார்ப்பார். பொங்கல் நெருக்கத்தில் தபால் தாமதமாகும், இந்த வாரமே போட்டுவிடு. சென்னையில் இருக்கிற நம் மூன்றாவது பெஞ்சுக்காரிக்கும் நீயே சொல்லிவிடு, நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி