‘நெட்வொர்க் ரீசெட்’ முதல் மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வை-ஃபையுடன் இணைய மறுக்கும் மடிக்கணினியைச் சரிசெய்வது எப்படி என்று தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான பன்னிரண்டு குறிப்புகளையும் படித்தேன். அவற்றுள் ஒன்றுகூடப் பிழையானதல்ல. என் வருத்தமெல்லாம் அவை அடுக்கப்பட்டிருந்த வரிசையைப் பற்றியது. கணினியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்பது முதல் குறிப்பு, அது சரி. இரண்டாவது குறிப்பே ‘நெட்வொர்க் ரீசெட்’ செய்யச் சொல்கிறது. கோளாறு ரவுட்டரில் இருக்குமா என்று பாருங்கள் என்பது பத்தாவதாக வருகிறது. வரிசை தவறாமல் செய்துகொண்டு போகும் வாசகர் பத்தாவது குறிப்பை எட்டுவதற்குள், தம் கணினியில் இருந்த நெட்வொர்க் அமைப்புகள் அனைத்தையும் அழித்து முடித்திருப்பார்.

நான் தொலைபேசிப் பழுதுநீக்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். கம்பிவழித் தொலைபேசிக் காலத்தில் புகார் வந்ததும், ஏணியைத் தூக்குவதற்கு முன்பு நாங்கள் கேட்கும் கேள்வி ‘டயல் டோன் வருகிறதா?’ என்பதுதான். வருகிறது என்று பதில் வந்தால் நிலையத்திலிருந்து வீடுவரை கம்பி உயிரோடு இருக்கிறது என்று பொருள். பாதி வழியைத் தேட வேண்டிய வேலை அந்த ஒரு பதிலிலேயே மிச்சமாகிவிடும். வை-ஃபைக்கும் அப்படியொரு கேள்வி உண்டு. மடிக்கணினி இருக்கும் அதே இடத்தில், அதே வை-ஃபையில், கைப்பேசிக்கு இணையம் கிடைக்கிறதா என்பதே அது. இதைச் சோதிக்கும்போது கைப்பேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வை-ஃபையில் இணையம் இல்லாதபோதும் கைப்பேசி சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிக்கொண்டு, எல்லாம் நலமே என்று நம்மை ஏமாற்றிவிடும். கைப்பேசிக்கும் இணையம் இல்லை என்றால் கோளாறு ரவுட்டரிலோ அதற்கும் அப்பாலோ இருக்கிறது. மடிக்கணினியைத் தொடவே வேண்டியதில்லை.

கைப்பேசிக்கு இணையம் கிடைத்து, மடிக்கணினிக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால் குற்றம் மடிக்கணினியுடையதுதான் என்று தீர்ப்பெழுதிவிடத் தோன்றும். நானும் அப்படித்தான் எழுதினேன். சில மாதங்களுக்கு முன்பு எங்கள் வீட்டில் உறவினர்கள் கூடியிருந்த ஒரு வாரத்தில் நடந்தது இது. நான்கு நாள் மூடியே வைத்திருந்த மடிக்கணினியைத் திறந்தபோது, அது வை-ஃபையைக் கண்டது, கடவுச்சொல்லை ஏற்றது, ஆனால் இணையம் மட்டும் வரவில்லை. வீட்டிலிருந்த எல்லாருடைய கைப்பேசிகளிலும் படம் ஓடிக்கொண்டிருந்தது. தங்கள் பக்கத்தில் வந்ததைப் போன்றதொரு குறிப்பை எங்கோ படித்த நினைவில், உடனே நெட்வொர்க் ரீசெட் செய்தேன். இணையம் வரவில்லை. சேமித்து வைத்திருந்த வை-ஃபை கடவுச்சொற்கள் அனைத்தும் போயின; அந்தக் கணினியில் என் மருமகள் தம் அலுவலக வேலைக்காக அமைத்திருந்த வி.பி.என். இணைப்பும் (அலுவலக நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் தனிவழி) அவற்றோடு சேர்ந்து போயிற்று. அதைத் திரும்ப அமைக்க அவருடைய அலுவலகத்துத் தொழில்நுட்பப் பணியாளருக்கு ஒரு முழு மதியம் பிடித்தது. என் பழைய தொழிலை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

பிறகுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். வை-ஃபை இணைப்பின் பண்புகள் பக்கத்தைத் திறந்து, ஐ.பி.வி.4 முகவரி (நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்) என்ற வரியைப் பார்த்தேன். அங்கே 169.254 என்று தொடங்கும் எண் இருந்தது. இந்த எண்ணின் பொருளைத் தங்கள் குறிப்புகளில் ஒன்றுகூடச் சொல்லவில்லை என்பதே இந்தக் கடிதம் எழுதுவதற்கு முதற் காரணம். ஒரு கணினி வை-ஃபைக்குள் நுழைந்ததும் ரவுட்டரிடம் தனக்கொரு முகவரி கேட்கிறது. ரவுட்டர் தன் கையிருப்பிலிருந்து ஒன்றை, பெரும்பாலும் 192.168 என்று தொடங்குவதை, குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்கிறது. டி.எச்.சி.பி. என்பது இந்தக் குத்தகை ஏற்பாட்டின் பெயர். கேட்டும் எவரும் கொடுக்காதபோது கணினி தானாகவே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைச் சூட்டிக்கொள்கிறது. விண்டோஸ் 98 காலத்திலிருந்தே உள்ள வழக்கம் இது. ஆகவே அந்த எண்ணைக் கண்டால், ‘கேட்டேன், கிடைக்கவில்லை’ என்று கணினி நம்மிடம் சொல்வதாகவே கொள்ள வேண்டும்.

ஏன் கிடைக்கவில்லை என்பது ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்ததும் தெரிந்தது. அதைப் பொருத்திவிட்டுப் போனவர், குத்தகைக்கு விடத்தக்க முகவரிகளின் எண்ணிக்கையைப் பத்து என்று வைத்திருந்தார். விருந்தினர்களின் கைப்பேசிகள் அந்தப் பத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டன. அவர்களில் சிலர் ஊருக்குத் திரும்பிவிட்ட பிறகும், அவர்கள் பெற்ற முகவரிகள் 24 மணி நேரக் குத்தகை முடியும்வரை அவர்கள் பெயரிலேயே இருந்தன. நான்கு நாள் உறங்கிய மடிக்கணினியின் பழைய குத்தகையோ காலாவதியாகி, இன்னொருவர் கைக்குப் போயிருந்தது. எண்ணிக்கையைப் பத்திலிருந்து ஐம்பதாக மாற்றிச் சேமித்த மறு நிமிடம் கணினிக்கு முகவரி கிடைத்தது. குற்றமற்ற கணினியைத்தான் நான் அன்று தண்டித்திருக்கிறேன்.

இந்த இடத்தில் விண்டோஸ் காட்டும் ‘இணைக்கப்பட்டது, இணையம் இல்லை’ என்ற வாசகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் அதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். கணினி இந்த முடிவுக்கு வரும் வழி மிக எளியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் சர்வர் ஒன்றிலிருந்து ஒரு சிறிய உரைக்கோப்பைக் கேட்டு வாங்கி, அதில் ‘மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்’ என்ற மூன்று சொற்கள் இருக்கின்றனவா என்று பார்க்கிறது. அலுவலகத் தடுப்பு மென்பொருளோ வி.பி.என். இணைப்போ அந்த ஒரு கோப்பை மறித்தாலும், மற்ற தளங்கள் நன்றாகத் திறக்கும்போதே ‘இணையம் இல்லை’ என்ற வாசகம் வரக்கூடும். ஆகவே அந்த வாசகத்தைக் கண்டு கலங்காமல், இணைப்பு எதுவரை போகிறது என்று நாமே படிப்படியாகப் பார்ப்பது நல்லது. கணினிக்கு முறையான முகவரி கிடைத்திருக்கிறது என்றால், கட்டளைச் சாளரத்தில் (கமாண்ட் பிராம்ப்ட்) ‘ipconfig’ என்று தட்டும்போது ‘டிஃபால்ட் கேட்வே’ என்ற பெயரில் ரவுட்டரின் முகவரியும் வரும். அதை உலாவியில் தட்டினால் ரவுட்டரின் நுழைவுப் பக்கம் திறக்கிறதா? திறந்தால் ரவுட்டர்வரை வழி சரி. அடுத்து, அதே கட்டளைச் சாளரத்தில் ‘பிங்’ (ping) கட்டளையோடு, கூகுள் சர்வர் ஒன்றின் முகவரியான 8.8.8.8 என்பதைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பதில் வந்தால் இணையமும் இருக்கிறது. அப்படி இருந்தும் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால், பெரும்பாலும் தளங்களின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சேவையில்தான் கோளாறு. டி.என்.எஸ். அமைப்பில் ஓர் எண்ணை மாற்றினால் தீரக்கூடிய இதற்குப் போய், ரீசெட் செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மடிக்கணினியின் பட்டியலில் வீட்டு வை-ஃபையின் பெயரே வரவில்லை என்பது வேறு வகைக் கோளாறு. அதை மேற்சொன்னதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எந்தப் பெயருமே வரவில்லை என்றால், கணினியின் ஓரத்திலுள்ள சிறு நழுவு பொத்தானோ விமானப் பயன்முறையோ வை-ஃபையை அணைத்திருக்கலாம். பக்கத்து வீட்டுப் பெயர்களெல்லாம் வருகின்றன, நம்முடையது மட்டும் இல்லை என்றால் கோளாறு அலைவரிசையில் இருக்கக்கூடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்த பழைய கணினிக்கு 5 கிகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் பெயர் தெரியாது. 6 கிகாஹெர்ட்ஸ் என்றால், விண்டோஸ் 10 உள்ள கணினியில் புதிய வை-ஃபை அட்டை இருந்தும் பயனில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே 12, 13 ஆகிய சேனல்களை (அலைவரிசையின் உட்பிரிவுகளை) அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்ட பல கணினிகள் கண்டுகொள்வதில்லை. வை-ஃபை 6 ரவுட்டர்கள் புதிதாக வந்தபோது, பழைய டிரைவரோடு (அட்டையை இயக்கும் மென்பொருளோடு) இருந்த சில இன்டெல் அட்டைகளுக்கு அவற்றின் பெயர் தென்படாமலே இருந்தது. டிரைவரைப் புதுப்பித்த பிறகே தென்பட்டது. புது ரவுட்டர் வாங்கிய அன்றே பழைய மடிக்கணினி ‘கெட்டுப்போன’ கதைகள் பலவற்றுக்கு இதுதான் விளக்கம். அதே நாளில் கடவுச்சொல்லைச் சரியாகத் தட்டியும் கணினி உள்ளே போக மறுத்தால், ரவுட்டரில் டபிள்யூ.பி.ஏ.3 பாதுகாப்பு முறை மட்டும் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது 2018-இல் வந்தது. 2004-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2-ஐ மட்டும் அறிந்த கணினிக்கு அங்கே கதவு திறக்காது.

வை-ஃபை என்ற குறியே கணினியிலிருந்து மறைந்துபோவதும் உண்டு. கணினியின் உறுப்புகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் வை-ஃபை அட்டை மஞ்சள் முக்கோணத்தோடு நின்றால் கோளாறு பெரும்பாலும் டிரைவரில் இருக்கும். அட்டையின் பெயரே இல்லையென்றால், கணினியை முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, கழற்றக்கூடிய பேட்டரியாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடித்த பிறகு போட்டுப் பார்க்கலாம். தேங்கிய மின்சாரம் வடிந்ததும் அட்டை மீண்டும் விழித்துக்கொள்வதை நான் இருமுறை கண்டிருக்கிறேன். இதில் அழிவது எதுவும் இல்லை என்பதால் இதைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். டிரைவரைப் பதிவிறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்று மாட்டிக்கொண்டவர்கள், கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் கணினியோடு இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்துகொண்டால் போதும்.

ரவுட்டருக்கு அருகில் நன்றாக இருந்து, தள்ளிப் போனதும் கணினி மட்டும் தொடர்பை இழக்கிறது என்றால் ஆண்டெனாவைச் சந்தேகிக்கலாம். பெரும்பாலான மடிக்கணினிகளில் ஆண்டெனா திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள் இருக்கிறது. அதன் மெல்லிய கம்பிகள் கீல் வழியாக இறங்கி அட்டையில் சேர்கின்றன. திரையை மாற்றிய பிறகோ கீலைச் சரிசெய்த பிறகோ தொடங்கிய கோளாறுக்கு மென்பொருளில் மருந்து தேடுவது வீண். விட்டுவிட்டு வரும் இணைப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபை இயங்குவதும் ஏறத்தாழ ஒரே அலைவரிசையில்தான். யு.எஸ்.பி. 3.0 வெளிவட்டுகளும் அவற்றின் கம்பிகளும் அதே அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஆய்வறிக்கை வெளியிட்டது. வெளிவட்டைச் செருகியதும் இணையம் தடுமாறுகிறது என்று ஒருவர் சொன்னால் அது மனப்பிரமை அல்ல.

இன்னும் ஒரு சின்ன விஷயம் உண்டு. பழைய மடிக்கணினிகளில் நேரத்தைக் காக்கும் காசு வடிவப் பேட்டரி தீர்ந்துபோனால் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். வை-ஃபை சரியாக இணைந்தும், தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று கணினி கருதி, ஏறத்தாழ எல்லாத் தளங்களையும் மறுத்துவிடும். கடிகாரத்தைப் பார்ப்பதற்கு இரண்டு விநாடி போதும். தங்கள் பன்னிரண்டில் இது இடம்பெறவில்லை.

ரீசெட் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நீக்கிய வைரஸ் தடுப்பு மென்பொருளின் மிச்சமோ பழைய வி.பி.என். ஒன்றின் மிச்சமோ அமைப்புகளைச் சிக்கலாக்கியிருந்தால், அதைத் தவிர வேறு வழியில்லாமலும் போகலாம். ஆனால் அதற்கு முன்பு அந்த ஒரு வை-ஃபையை மட்டும் ‘மற’ என்று சொல்லி மீண்டும் இணைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால், சேமித்த கடவுச்சொற்களையும் வி.பி.என். விவரங்களையும், கையால் இட்ட ஐ.பி. எண்கள் இருந்தால் அவற்றையும் தாளில் எழுதிக்கொண்ட பிறகே ரீசெட் பொத்தானை அழுத்த வேண்டும். தங்கள் குறிப்பில் இந்த எச்சரிக்கைக்கு ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறை.

குறிப்புகளின் முடிவில் ‘மேலும் விவரங்களுக்கு இணையத்தில் தேடிப் பாருங்கள்’ என்று அச்சிட்டிருந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன். இணையம் அற்றுப்போனவர் கையில் அந்த நேரத்தில் எஞ்சியிருப்பது தங்கள் தாள்தான். எனவே அடுத்த முறை இந்தப் பொருளை எடுக்கும்போது, கைப்பேசிக்கு இணையம் வருகிறதா, கணினியில் பெயர் தெரிகிறதா, கடவுச்சொல்லை ஏற்கிறதா, முகவரி 169.254 என்று தொடங்குகிறதா, ரவுட்டரின் பக்கம் திறக்கிறதா என்ற கேள்விகளை இதே வரிசையில், ஒவ்வொரு பதிலுக்கும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்ற குறிப்போடு, வெட்டி வைத்துக்கொள்ளத்தக்க ஒரு கட்டத்துக்குள் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவது குறிப்பைப் பன்னிரண்டாவது இடத்துக்கு மாற்றி, அதற்கான எச்சரிக்கையையும் சேர்த்து, ஒரு திருத்தம் இந்த வாரமே வெளியிட்டால் நலம்.

இப்படிக்கு,
தொலைபேசிப் பழுதுநீக்கும் பணியிலிருந்து ஓய்வுபெற்ற வாசகர்