அப்பாவின் அம்பாசடரை வெளியே எடுப்பதற்கு முன்

அன்புள்ள கண்ணு,

ஆடி அமாவாசைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு அப்பாவின் அம்பாசடரிலேயே கன்னியாகுமரி போகப் போகிறாய் என்று கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. உன் அப்பா, என் அண்ணன், போனதிலிருந்து ஷெட்டிலேயே நின்ற வண்டி. பெயின்ட் அடித்து, சீட் கவர் மாற்றி நீ அனுப்பிய போட்டோவை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. அந்த வேலை போதும். இனிமேல் காசு போட வேண்டியதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். பழைய வண்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் ஆகட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

இன்ஜினை நினைத்து நீ பயப்படுகிறாய். அது 1489 சிசி பிஎம்சி இன்ஜின், மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்தது. ஆயில், ஃபில்டர் மாற்றினால் ஓடிவிடும். நிற்கிற வண்டியில் முதலில் சாவது ரப்பர்.

நீ எல்கேஜி படித்த சமயம், பழனியிலிருந்து திரும்பும்போது உடுமலைக்குப் பக்கத்தில் வலது முன் சக்கரத்தில் புகை வந்தது. பிரேக் டிரம்முக்குப் பக்கத்தில் கை கொண்டுபோக முடியவில்லை, அப்படி ஒரு சூடு. வீட்டுக்கு வந்ததும் அண்ணன் அந்தச் சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி, பிளேடால் நீளவாக்கில் அறுத்து என்னிடம் நீட்டினார். வெளியே பளபளவென்று கறுப்பு, ஒரு வெடிப்புக்கூட இல்லை. உள்ளே ரப்பர் ஊதிப்போய், குண்டூசி நுழைகிற அளவுதான் ஓட்டை. மிதிக்கிற வேகத்தில் ஆயில் உள்ளே போய்விடுகிறது. காலை எடுத்தால் திரும்பி வர வழியில்லை. பிரேக் பிடித்தபடியே அத்தனை தூரம் வந்திருக்கிறோம்.

அதனால் ஹோஸ் எல்லாவற்றையும், நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும், புதிதாகப் போடு. பிரேக்குக்குள் இருக்கும் மற்ற ரப்பர்கள், அதாவது வீல் சிலிண்டர் கப், மாஸ்டர் சிலிண்டர் கிட், அதோடு பிரேக் ஆயில் எல்லாம் சேர்த்து. நாலு சக்கரமும் டிரம் பிரேக், கால் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் கிடையாது. இதில் மிச்சம் பிடிக்காதே.

டயரில் பட்டன் (மேல் வரி) தேயாமல் இருக்கிறது என்றாய். பட்டனைப் பார்க்காதே, பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் பார். 2312 என்றால் 2012ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. அப்படிப்பட்ட டயரில் அம்மாவை உட்கார வைக்கக் கூடாது. ஸ்டெப்னியையும் பார்.

அப்பா காலத்தில் இல்லாத தொல்லை ஒன்று இப்போது பெட்ரோலில். பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய பெட்ரோல் ஹோஸும் பம்ப்புக்குள் இருக்கும் சவ்வான டயாஃப்ரமும் அதைத் தாங்காது, ஊறி இளகிவிடும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கு. டேங்க்கைக் கழற்றிக் கழுவச் சொல். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ஃபில்டர் இரண்டு கையில் வைத்துக்கொள். அடியில் படிந்த துரு முதல் நூறு கிலோமீட்டரிலேயே கிளம்பி வரும்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதே. உப்புப் படிந்து குழாயை அடைத்துவிடும். கூலன்ட் போடு. மதுரை தாண்டி மத்தியான வெயிலில் டீக்கு நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பதறாதே. பெட்ரோல் பம்ப்பிலேயே ஆவியாகியிருக்கும். பம்ப் மேலும் பைப் மேலும் ஈரத்துணி போட்டுவிட்டுக் கால் மணி நேரம் உட்கார். விடிகாலை நாலுக்கே கிளம்பினால் பாதித் தொல்லை இல்லை.

ஆர்சி, எஃப்சி, இன்ஷூரன்ஸ் தேதிகளை இன்றைக்கே பார்த்துவிடு.

ஸ்டியரிங்கை மறந்துவிடாதே. வண்டியை நிறுத்திவைத்து ஸ்டியரிங்கை லேசாக ஆட்டு; சக்கரம் அசைவதற்கு முன் எவ்வளவு சும்மா சுற்றுகிறது என்று பார். கோவைக்குள் அது தெரியாது. காவல்கிணறு பக்கம் காற்றாலைகள் ஆரம்பிக்கும்போது தெரியும். ஆடிக்காற்று பக்கவாட்டில் அடிக்கும், இந்த உருண்டை வண்டியைத் தள்ளும். அங்கே அறுபதைத் தாண்டாதே.

ரிப்பேர் முடிந்ததும் நேரே கிளம்பாதே. முதல் நாள் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி, நாலு டிரம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார். ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் பிடிக்கிறது. பிறகு பொள்ளாச்சி போய் வா. அதற்கப்புறம் ஒருநாள் பழனி வரை. இந்த மூன்றிலும் சொட்டாத வண்டி கன்னியாகுமரி போகும்.

டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பின்னால் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். அதில் இன்ஜினில் தீப்பொறி வர உதவும் பாயிண்ட் செட், கண்டென்சர், ஃபேன் பெல்ட், இடைவெளி அளக்கும் தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜ் எல்லாம் அண்ணன் துணியில் சுற்றி வைத்திருப்பார். தூக்கிப் போட்டுவிடாதே. பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர், எந்தத் தகடு என்று கேஜில் அவரே நெயில் பாலிஷால் புள்ளி வைத்திருக்கிறார், உங்கம்மாவுடைய சிவப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். கிரீஸ் கன்னை நானே எடுத்து வருகிறேன். முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னில் கிரீஸ் அடிக்கும் நிப்பிள் ஒவ்வொன்றிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை நீயே அடிக்கப் பழகு.

அன்புடன்,
சித்தப்பா